அப்பாவின் அளவு

ஜூன் 3
முட்டிக்குக் கீழே வெட்டி எடுத்த அப்பாவின் காலுக்குப் பேண்டேஜ் சுற்றினேன். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. முட்டிக்கு நான்கு விரல் கீழே டேப் வைத்தேன்: 31.5 செ.மீ. போன வாரம் 32. அப்பா அதைக் 'கட்டை' என்கிறார். எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை.

ஜூன் 5
இல்லாத சுண்டுவிரல் எரிகிறதாம். இரவு முழுக்க விசிறினேன்.

ஜூன் 9
செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கப் பாண்டி போய் வந்தோம். போன தடவை மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தபோது கை பட்டதுமே அப்பா துடித்துப்போனார். இந்தத் தடவை கை படாது, லேசர்தான் என்று சொன்னபோது எனக்கு உயிரே வந்தது.

காலில் வெள்ளை உறை மாட்டினார்கள். அதன்மேல் கறுப்புப் புள்ளி ஸ்டிக்கர்கள். இஸ்திரிப் பெட்டி அளவுக் கருவி, அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, கோடு வளைந்துகொண்டே போகிறது. கொஞ்சம் தள்ளிச் சாய்வாக இருக்கும் கேமரா அந்த வளைவைப் பார்க்கிறது. லேசருக்கும் கேமராவுக்கும் உள்ள இடைவெளி தெரியும், கோணமும் தெரியும். தூரம் கணக்கில் வந்துவிடும். "கரையில ரெண்டு இடத்துல நின்னு கோணம் பார்த்து, கப்பல் எவ்வளவு தூரம்னு சொல்ற மாதிரியா?" என்றார் அப்பா. அதேதான் ஐயா என்றான் கருவியைப் பிடித்திருந்த தம்பி.

கால் நடுங்கியது. எனக்குப் பயம். புள்ளிகளை வைத்துக் கருவி தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், கால் நகர்ந்தாலும் பரவாயில்லை, முட்டி மட்டும் மடங்கக் கூடாது என்றான். கோடு படாத இடம் திரையில் ஓட்டையாகத் தெரிந்தது. முட்டிக்குப் பின்பக்கம் மறுபடி சுற்றி வந்தான்.

எல்லாம் முடிந்தபின் ஒரு பெரியவர் வந்து விரலால் அழுத்திப் பார்த்து, எலும்பு முனைகளைப் பென்சிலால் குறித்தார். லேசருக்கு மேல்தோல்தான் தெரியும், எது கெட்டி எது மெத்து என்று தெரியாதாம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார், ஆனால் முகம் தெளிந்தது. பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டியதும் சொன்னார்: "பலகையை நான் உள்ளங்கையாலதாம்மா பார்ப்பேன். மட்டக்கோல் சொல்லாத மேடு கைக்குத் தெரியும்." கடலூர் முதுநகர்க் கரையில் எத்தனை படகு கட்டிய கை.

ஜூன் 10
காலை 31.0. மாலை 31.4. ஸ்கேன் எடுத்தது மதியம்.

ஜூன் 11
தூக்கமில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1999இல் ஃபுளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை, 17 அடி உயரம், இப்படித்தான் லேசர் கோட்டால் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரவில். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் புள்ளி புள்ளியாக. பளிங்குக்குள் ஒளி கொஞ்சம் ஊறிப் பரவுவதால் அளவில் பிசிறு வந்ததாம். தோலும் அப்படித்தானே. அதற்குத்தான் வெள்ளை உறை போலிருக்கிறது.

ஆனால் சிலை மாலையில் வீங்காது.

ஜூன் 14
போன் வந்தது. திரையில் உருவத்தைத் திருத்திவிட்டார்களாம்: தாங்கும் இடத்தில் உள்ளே தள்ளி, வலிக்கும் எலும்பு முனையில் இடம் விட்டு. மெஷின் அதைக் கெட்டி நுரைக் கட்டையில் கடைந்து, அதன்மேல் சாக்கெட், அதாவது கால் நுழையும் கூடு, வார்ப்பார்கள். முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒன்று. உள்ளே தோல் எங்கே வெளுக்கிறது என்று பார்ப்பதற்கு. "கடையறாங்களா?" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். எந்த உளி, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் இரண்டு தோசை சாப்பிட்டார்.

ஜூன் 17
30.6.
வயிற்றைக் கலக்கியது. எடுத்த அளவு இனி யாருடைய காலுக்கு? உடனே போன் செய்தேன். கொஞ்சம் சுருங்கினால் உறை கூட்டிப் போடலாம், ரொம்பச் சுருங்கினால் மறுபடி ஸ்கேன், பழையதன்மேல் புதியதை வைத்துப் பார்த்தால் எங்கே வற்றியது என்று தெரிந்துவிடும் என்றான் தம்பி. பொறுமையாகத்தான் சொன்னான். அப்படியும் இரவு இரண்டு தடவை எழுந்து அளந்தேன்.

ஜூன் 18
மழை. 30.6.

ஜூன் 19
நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையை அப்பாவே எடுத்து மாட்டி வைத்தார். பேண்டேஜை அவிழ்த்து டேப்பை எடுத்தேன். "இங்கே கொடு" என்று வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை மெல்ல வைத்துத் தடவிப் பார்த்தார், முட்டியிலிருந்து நுனிவரை. இதுவரை ஒருநாளும் தொட்டதில்லை.