பாடக்குறிப்புக்கு முன்னால் ஒரு சார்ட்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது பாலமேடு பக்கம் ஒரு சின்னப் பள்ளி, இரண்டாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஏழு பக்கம் பாடக்குறிப்பு எழுதி, கலர் பேனாவில் அடிக்கோடெல்லாம் போட்டு எடுத்துப் போனேன். 42இல் 17 போனால் எவ்வளவு? பாதி வகுப்பு 35 என்றது. 7இல் 2 போனால் 5, 4இல் 1 போனால் 3. எந்தப் பக்கம் பெரிய எண்ணோ, அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள்.

வகுப்பு டீச்சர் என் குறிப்பைப் புரட்டினார். “நல்லாத்தான்மா எழுதியிருக்க. இதுக்கு முன்னாடி அதுகளுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. மறுநாள் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். நாலு கட்டு, இரண்டு உதிரி. “ஏழு குச்சி எடு” என்றதும் ஒரு பையன் இரண்டு உதிரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெல்ல, “கட்டைப் பிரிச்சா திட்டுவீங்களா டீச்சர்?” என்றான். கடன் வாங்குவது என்றால் அவ்வளவுதான். இடமதிப்பு பாடத்தை முதலில் இப்படி நடத்தியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சம்.

அன்றிலிருந்து பாடக்குறிப்புக்கு முன்னால் ஆண்டுத் திட்டம் போடுகிறேன். ஒரு சார்ட்டில் மேலே ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதங்கள், இடப்பக்கம் பாடங்கள். கட்டத்தில் பாடத்தின் பெயரை எழுதாதீர்கள். பருவ முடிவில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்து, எதற்கு எது முன்னால் வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். விடுமுறையை அடித்துவிடுங்கள். விடுமுறை இல்லாத நாளும் கணக்கில் வர வேண்டும். ஜனவரியில் பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் வாடிவாசல் கட்ட ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் வகுப்பில் இருந்தாலும் மனசு மாட்டுக்கொட்டிலில்தான். அந்த வாரம் புதுப்பாடம் வைக்காதீர்கள், திருப்புதல் போதும்.

அப்புறம் பாடக்குறிப்பு. தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டல்லவா? குறிப்பு ஒன்றே போதும், செயல்பாடுதான் மூன்று வேண்டும். எனக்கு அரும்புக்குக் குச்சி எண்ணிக் கட்டுவது, மொட்டுக்குக் கட்டைப் பிரித்துக் கழிப்பது, மலருக்குப் பூக்கடைக் கணக்கு. நாற்பது நிமிடத்தில் பதினைந்தாவது நிமிடமே மலர் முடித்துவிடும். அதற்குக் கூடுதலாக ஒரு கணக்கு கையில் இருக்கட்டும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. பாடம் நடத்துவதற்கு ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பெயரில் சொல்லப்படும் ஐந்து படிகளை நானும் மனப்பாடம்தான் செய்தேன் (அவர் சொன்னது நாலு, சீடர்கள் ஐந்தாக்கினார்கள்). ‘முன்னறிவைத் தூண்டுதல்’ மட்டும் மறக்கவே இல்லை. அதைப் படித்தால் அந்த 35 ஞாபகம் வந்துவிடுகிறது.