வலிக்காத ஊசியும் சட்டைய கழட்டின கிருமியும்

எங்க தண்டையார்பேட்டை பக்கம் கொழந்த பொறந்த வீட்ல கண்டிப்பா ஒரு சண்டை நடக்கும், புதன்கிழமை கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில பென்டாவேலன்ட்னு அஞ்சு நோய்க்கு சேத்து போடற ஊசி போடறதா, இல்ல கிளினிக்ல காசு குடுத்து "வலிக்காத ஊசி" போடறதானு. அத்தை வீட்லயும் அதே பஞ்சாயத்து. மருமக, "தொடை வீங்கி ராத்திரி ஃபுல்லா காய்ச்சல் அத்த, பெயின்லெஸ்ஸே போட்டுடலாம்"னு சொல்ல, அத்தை "உன் புருஷனுக்கு அந்த ஊசி தான் போட்டேன், இப்ப இன்னா கெட்டு போய்ட்டான்"னு கேக்க, நான் மைக்ரோபயாலஜி படிச்சவன்னு நடுவுல இழுத்து விட்டுட்டாங்க. அங்க யாரு என்னை முழுசா பேச விட்டா, அதான் இங்க.

காய்ச்சல் வர்றது பெரும்பாலும் அந்த ஊசில இருக்கற கக்குவான் இருமல் பகுதியால. கவர்மென்ட் ஊசில போர்டெடெல்லா பெர்டுசிஸ்ன்ற பாக்டீரியாவ முழுசா கொன்னு போட்டிருப்பாங்க, ஹோல் செல்னு பேரு. 2011 டிசம்பர்ல பென்டாவேலன்ட் நாட்டுலயே முதல்ல தமிழ்நாட்லயும் கேரளாவுலயும் தான் ஆரம்பிச்சாங்க, அதுல இருக்கறதும் ஹோல் செல் தான். வலிக்காத ஊசி ஏசெல்லுலார், கிருமியோட சில புரதத்த மட்டும் எடுத்து சுத்தம் பண்ணி வெச்சது, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இருக்கும். ஜப்பான் 1981லயே இதுக்கு மாறிடுச்சு, அப்புறம் பணக்கார நாடுங்க ஒவ்வொண்ணா.

இப்ப தான் விஷயமே. அந்த புரதங்கள்ல ஒண்ணு பெர்டாக்டின். கிருமி நம்ம மூச்சுக்குழாய் செல்லுல ஒட்டிக்க உதவுற சமாச்சாரம். ஊசி போட்ட ஒடம்பு அதையும் வெச்சு தான் கிருமிய அடையாளம் கண்டுபிடிக்குது, கிருமி என்ன பண்ணுச்சுனா செவப்பு சட்டை போட்டவன தேடறாங்கனு தெரிஞ்சதும் சட்டைய கழட்டி வீசிட்டு போற ஆள் மாதிரி பெர்டாக்டின் செய்யறதையே நிறுத்திடுச்சு. நிறைய கேஸ்ல ஐஎஸ்481னு ஒரு தாவுற டிஎன்ஏ துண்டு, கிருமியோட மொத்த டிஎன்ஏவான ஜீனோம்ல இருநூத்துக்கு மேல காப்பி இருக்கு, அதுல ஒண்ணு போய் பெர்டாக்டின் ஜீன் நடுவுல உக்காந்து ஜீன உடைச்சிடுது. சில ஸ்ட்ரெயின்ல, அதாவது கிருமியோட சில வகைல, ஜீன்ல ஒரு பகுதியே காணோம், சிலதுல தலைகீழா திரும்பி கெடக்கு. வெவ்வேற ஊர்ல தனித்தனியா, வேற வேற வழில ஒரே முடிவுக்கு வந்திருக்கு, எனக்கு புல்லரிச்ச இடம் இது தான். ஆஸ்திரேலியால பெர்டாக்டின் இல்லாத ஸ்ட்ரெயின் 2008ல 5 சதவீதம், 2012ல 78 சதவீதம்!

சும்மா தற்செயலா கூட இருக்கலாமேனு கேட்டா டென்மார்க்க பாருங்க. அங்க ஊசில பெர்டாக்டினே கிடையாது, கிருமி சுரக்கற டாக்ஸின்ன்ற விஷத்த செயலிழக்க வெச்சு அத மட்டும் தான் போடறாங்க, அங்க பெர்டாக்டின் இல்லாத ஸ்ட்ரெயின் ரொம்ப அபூர்வம்.

அதுக்காக அத்தை ஜெயிச்சாங்கனு அர்த்தம் இல்ல. ஹோல் செல் காலத்துலயும் கிருமி சும்மா இருக்கல. 1920லேர்ந்து 2010 வரைக்கும் 19 நாட்டுல எடுத்த 343 ஸ்ட்ரெயினோட ஜீனோம சேத்து வெச்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, பழைய வகைங்க போய் புதுசு உலகம் பூரா பரவின கதை அதுல தெரியும். முக்கியமா பிடிஎக்ஸ்-பி3, டாக்ஸின் ஜீனோட ஸ்விட்ச் பகுதில ஒரு சின்ன மாற்றம், மொத்த டிஎன்ஏல இருக்கற சுமார் 41 லட்சம் எழுத்துல மாறினது அவ்ளோ தான், டாக்ஸின் ஒன்றரை மடங்குக்கு மேல சுரக்குது. இவ்ளோ மாறியும் ஏசெல்லுலார் ஊசி கடுமையான நோய நல்லாவே தடுக்குது. அதோட பலவீனம் வேற எடம், பாதுகாப்பு சில வருஷத்துல கொறஞ்சிடும், அப்புறம் பபூன் குரங்குல செஞ்ச சோதனைல ஊசி போட்ட குரங்குக்கு இருமல் வரல, ஆனா தொண்டைல கிருமி தங்கி பக்கத்து குரங்குக்கு ஒட்டிக்குச்சு. ஹோல் செல் போட்டதுங்க கிருமிய இன்னும் சீக்கிரம் வெளியேத்துச்சு. எங்க தெரு மாதிரி ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கற வீட்ல, ஒன்றரை மாசம் கூட ஆகாம கக்குவானுக்கு முதல் ஊசியே போடாத கைக்கொழந்தை இருக்கற எடத்துல, இது சின்ன விஷயம் இல்ல. மருமகக்கு இத மட்டும் தான் சொன்னேன், காய்ச்சலுக்கு பாரசிட்டமால் இருக்கு, டாக்டர கேட்டு குடு.

எனக்கு இருக்கற கவலை வேற. இந்த மாற்றத்தையெல்லாம் கண்டுபிடிக்க கிருமி உயிரோட வேணும், மூக்கு வழியா உள்ள குச்சி விட்டு சாம்பிள் எடுத்து கரி கலந்த தட்டுல நாள்கணக்கா வளக்கணும், பாதி நேரம் வளராது. அதனால எல்லாரும் கிருமியோட டிஎன்ஏவ தேடற பிசிஆர் டெஸ்டுக்கு போய்ட்டாங்க, வேகமா ரிசல்ட் வரும், ஆனா அது பெரும்பாலும் தேடறது அதே ஐஎஸ்481 துண்ட தான், கிருமி இருக்கா இல்லையானு சொல்லும், என்ன ஸ்ட்ரெயின்னு சொல்லாது. சீனால இப்ப பரவுற கக்குவான் கிருமில பெரும்பகுதிக்கு, வழக்கமா குடுக்கற அஜித்ரோமைசின்ன்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யல, அந்த மருந்து போய் ஒட்டற எடத்துக்கான 23எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீன்ல 2047வது எழுத்து மாறினது தான் காரணம். அந்த ஸ்ட்ரெயின் ராயபுரத்துக்கு வந்தாலும் பிசிஆர் ரிப்போர்ட்ல வெறும் பாசிட்டிவ்னு தான் இருக்கும், டாக்டரும் அஜித்ரோமைசின் தான் எழுதுவாரு.