கிளாம்பாக்கத்தில் இறங்கி உயிர் காலேஜைத் தேடி

போன வாரம் மகளோடு சென்னை போய்விட்டு வந்தேன். எந்த பஸ், எங்கே சாப்பாடு, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை. ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ். காலை ஐந்தரைக்கு இறக்கிவிட்டார்கள். நிலையம் பெரியது, சுத்தமாகவும் இருக்கிறது. வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர், "திருவல்லிக்கேணியா? ஆயிரத்து இருநூறு சார்" என்றார். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. முப்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் நானூறைத் தொடாது. அது பழைய கட்டணம், பெட்ரோல் ஏறிவிட்டது, சரி. அறுநூறு கேட்டிருந்தால் பேசாமல் ஏறியிருப்பேன். தூக்கக் கலக்கத்தில் பையோடு நிற்பவனிடம் மூன்று மடங்கு கேட்பது அநியாயம். மாநகர பஸ் பிடித்து தாம்பரம் போனோம். அங்கிருந்து பார்க் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் ஆளுக்குப் பத்தே ரூபாய். சென்னையில் இன்றைக்கும் எளியவர்களைக் கைவிடாதது அந்த ரயில்தான்.

1984-ல் ஒன்பது வயதில் அப்பாவோடு முதல்முறை மெட்ராஸ் வந்தபோது ஆட்டோவே தேவைப்படவில்லை. வெளியூர் பஸ்ஸெல்லாம் பாரிமுனைக்கே வரும். இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் போனோம். செங்கல் சிவப்பில் கட்டடம், உள்ளே பழைய புத்தகம், பொம்மை, கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி. அப்பா எனக்கு எட்டணாவுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கித் தந்தார். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. மெட்ராஸ்காரர்கள் அதை உயிர் காலேஜ் என்பார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். சிங்கத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மறு வருஷம், 1985 மே மாதம், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதே வருஷம் மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்குப் போய்விட்டது. மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். பெயர் மட்டும் மூர் மார்க்கெட் வளாகம் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எங்கப்பா கிளி?" என்று மகள் கேட்டாள். ரிசர்வேஷன் வரிசையைக் காட்டிவிட்டு நின்றேன்.

வெளியூர் பஸ் நிலையமும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. 2002-ல் கோயம்பேடு, 2023 கடைசியில் வண்டலூரைத் தாண்டிக் கிளாம்பாக்கம். நெரிசலுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். விலங்குகளுக்கு வண்டலூரில் காடு கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் வருகிறவனை ஊருக்கு வெளியே இறக்கிவிடுவதென்றால், மெட்ரோ அங்கே முதலில் வந்திருக்க வேண்டும். 2015-லிருந்து மெட்ரோ ஓடுகிறது, விமான நிலையத்துக்குப் போகிறது. கிளாம்பாக்கத்துக்கு இன்னும் போகவில்லை. விமானத்தில் வருபவருக்குக் கிடைத்த வசதி எங்களுக்குக் கிடைக்க வேண்டாமா?

திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாப்பிட்ட பிறகுதான் கோபம் இறங்கியது. 1948-லிருந்து இருக்கிற கடை. இட்லி முங்குகிற அளவு சாம்பார், காலியாகக் காலியாக ஊற்றுகிறார்கள். லேசான இனிப்பு, சின்ன வெங்காய வாசனை. அப்பா ஊற்றச் சொல்லி நீட்டிய மாதிரியே மகளும் தட்டை நீட்டினாள். இரண்டு பேருக்குக் காபியோடு முந்நூறுக்குள் முடிந்தது. சென்னை போகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மெரினாவில் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஐந்தே முக்காலுக்கே கிளம்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு அப்பா உயிர் காலேஜ் மூடும்வரை என்னைத் தோளில் வைத்துக் காட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, நடந்தே வந்து பஸ் ஏறினார்.