கழட்டீட்டுப் பாடட்டுங்களா?

மைக்குக்கு முன்னால் வைக்கும் வட்ட வலையான பாப் ஃபில்டரைக் கழற்றச் சொல்லிப் பாடகர் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு ரெக்கார்டிங் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். ஸ்டுடியோவில் வைக்கும், நுணுக்கமாக வாங்கும் கண்டென்சர் மைக் என்றால் கழற்றுவதில்லை என்பது என் பதில். கொங்குப் பக்கத்துப் பாட்டும் ஆட்டமுமான வள்ளி கும்மியைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் கேட்டபோது மட்டும் அதை மாற்றிக்கொண்டேன். சரியாகத்தான் செய்தேன் என்று சில நாள் தோன்றுகிறது. ஃபில்டரோடு எடுத்தது, கழற்றி எடுத்தது என்று இரண்டு டேக்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இந்தச் சல்லடை மூஞ்சிக்கு முன்னால நின்னா எனக்குப் பாட்டு வரமாட்டேங்குதுங்க. கழட்டீட்டுப் பாடட்டுங்களா?"

"கழட்டிப் போடலாங்ணா. மைக்கக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுக்கறேன்" என்றேன்.

உதடு மூடித் திறந்து ப் என்று சொல்லும்போது ஒலியோடு காற்றும் வருகிறது. ஒலி பல பக்கமும் பரவும். காற்று குறுகலான தாரையாக நேரே முன்னால் பாயும். அது மைக்குக்குள் அதிரும் மெல்லிய சவ்வான டயாஃப்ரமில் மோதினால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே 'தொப்' என்று ஓர் இடி பதிவாகும். இதைத்தான் பாப் என்கிறோம். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கினால், நெருக்கமான கோடுகளுக்கு முன்னால் அகலமாக ஒரே ஓர் அலை மட்டும் எழுந்து விழுவதைப் பார்க்கலாம். போன் ஸ்பீக்கரில் இது தெரியாது. ஆனால் கும்மிப் பாட்டு ஓடப்போவது போனில் மட்டுமா? மாரியம்மன் கோயில் நோம்பிக்குக் கட்டும் பாக்ஸில் சப்-ஊஃபரோடு போட்டால் ஒவ்வொரு ப-வும் நெஞ்சில் வந்து இடிக்கும்.

தமிழில் எங்கே அடிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலீஷ் P-யின் பின்னால் மூச்சு ஒன்று தள்ளிக்கொண்டு வரும், நம்முடைய ப-வில் அது கிடையாது. சொல்லின் நடுவில் வரும் ஒற்றை ப-வும், ம்ப-வும் மெலிந்துவிடுவதால் பெரும்பாலும் தொல்லையில்லை. தொல்லை சொல்லின் முதலில் வரும் ப-விலும், உதட்டை அழுத்திப் பிடித்து விடும் ப்ப-விலும்தான். அதிலும் பூ, போ, பொ என்று உதடு குவியும் இடங்களில் காற்று சிதறாமல் மைக்கைப் போய்த் தொடும். பூவு, பொன்னு, போடு என்று வரிக்கு வரி வரும் பாட்டில், திறந்தவெளியில் பாடிப் பழகிய தொண்டையோடு ஒருவர் பாடினால் எந்த மைக்கும் திணறும்.

இதற்காகத்தான் ஃபில்டர். வலைத்துணி காற்றைத் தடுத்து நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தாரையை உடைக்கிறது, அவ்வளவுதான். உடைந்த காற்று அடங்குவது வலைக்கும் மைக்குக்கும் நடுவில் விட்ட இடத்தில். அந்த இடம் இல்லையென்றால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. வலைக்கும் மைக்குக்கும் நாலு விரல், வலைக்கும் உதட்டுக்கும் நாலிலிருந்து ஆறு விரல், ஆகமொத்தம் 15 முதல் 20 செ.மீ. என்பது நான் வைக்கும் அளவு. வைத்தபின் மைக் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை நீட்டி, பாடகரை "பப்பா, போப்பா" என்று சொல்லச் சொல்வேன். கையில் காற்று பட்டால் மைக்கிலும் படும். வலையை உதட்டுப் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடியும் கை வைத்துப் பார்ப்பேன். ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்வதைவிட இது சீக்கிரம் முடியும்.

மேடைப் பாடகர்களிடம் இந்த அளவு நிற்பதில்லை, வாத்தியாரிடமும் நிற்கவில்லை. சுருதி ஏற ஏற முன்னால் சாய்ந்தார். மூக்கு வலையைத் தள்ளியது. வலையைத் தாங்கும் வளையும் தண்டான கூஸ்நெக் வளைந்து வலை மைக்கின் கம்பிக்கூட்டில் போய் ஒட்டிக்கொண்டது, உடனே பாப் திரும்பி வந்தது. கிளாம்ப்பைக் கெட்டியாக முறுக்கியும் பயனில்லை, ஏனென்றால் வளைவது அந்தத் தண்டு. ஃபில்டரைத் தனி ஸ்டாண்டில் மாட்டினால் மைக்கில் இடிச் சத்தம் வராது, ஆனால் சாய்கிறவர் சாய்ந்துகொண்டேதான் இருப்பார்.

அவர் சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய மைக் என்பது மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் வகை. 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 மாதிரியான மைக்குகளின் உருண்டைக் கம்பிக்கூட்டுக்கு உள்ளேயே ஸ்பாஞ்ச் இருக்கிறது, அதுவே ஃபில்டர். உதட்டை ஒட்டிப் பாடுவதால் அடிக்குரல் தானாகத் தூக்கிக் கொடுக்கும். முன்பக்கத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்கின் குணம் அது, ப்ராக்ஸிமிட்டி என்பார்கள். வருஷக்கணக்கில் அந்தத் தடித்த குரலைத்தான் அவர் மானிட்டரில் தன் குரலாகக் கேட்டிருக்கிறார். ஒரு சாண் தள்ளி நிறுத்தி நடுவில் வலையும் வைத்தால் அவர் காதுக்கு அவரே தூரமாகிப் போகிறார்.

வேறு ஃபில்டர் வைத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்றும் யோசித்துப் பார்த்தேன். அவர் முன்னால் இருந்தது 6 அங்குல வட்டத்தில் இரட்டை நைலான். இதற்கு மேல்ஸ்தாயி துளி மங்கும், பெரும்பாலான குரல்களுக்கு அது கேட்கவே கேட்காது. இரும்பு வலை ஃபில்டர் மெலிது, ஸ்டெட்மேன் ப்ரோஸ்கிரீன் போன்றவற்றில் துளைகள் சாய்வாக இருந்து காற்றைக் கீழே திருப்பிவிடும். கண்ணை அவ்வளவு மறைக்காது, துடைத்தால் சுத்தமாகிவிடும். மட்டமான இரும்பு வலை சில குரல்களுக்கு விசிலடிக்கும். மைக்கின் மேல் மாட்டும் ஸ்பாஞ்ச் உறையைக் கண்டென்சரில் நான் பாட்டுக்குப் போடுவதில்லை. மேல்ஸ்தாயியை அதிகம் தின்கிறது, பழசானால் பொடியாக உதிர்ந்து கம்பிக்கூட்டுக்குள் இறங்குகிறது. காசு இல்லாதவர்களுக்கு எம்ப்ராய்டரி வளையமும் திருப்பூர் கடைகளில் கிடைக்கும் மெல்லிய நெட் துணியும் போதும், இரண்டு அடுக்காக இழுத்துக் கட்டினால் கடைச் சரக்குக்குக் குறைந்ததில்லை. பனியன் துணி மட்டும் ஆகாது, அடர்த்தி அதிகம். துணியை வாயருகே பிடித்து ஊதினால் காற்று சிரமமில்லாமல் போக வேண்டும், ஆனால் கையில் சுள்ளென்று விழக்கூடாது. எந்த ஃபில்டரும் ச, ஸ சீறுவதைக் குறைக்காது, அது வேறு கோளாறு. ஆடிக் காற்றில் பல்லடம் பக்கம் தோட்டத்தில் வைத்துப் பதிவு செய்யவும் இது உதவாது, அங்கே மைக்கை முழுக்க மூடும் மயிர் உறை வேண்டும்.

எந்த வகையானாலும் முகத்துக்கு நேரே ஒன்று நிற்கத்தான் செய்யும். அவருக்கு இடைஞ்சல் அதுதான் என்றால், இருக்கிற வழி மைக்கை நகர்த்துவது. புருவ உயரத்துக்குத் தூக்கி, வாயைப் பார்த்துக் கீழே சாய்த்து, பக்கவாட்டிலும் கொஞ்சம் திருப்பினேன். காற்றுத் தாரை மைக்குக்கு அடியில் போய்விடும். ஆடியோ டெக்னிகா ஏடி2035 போல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் லோ-கட் சுவிட்ச் உள்ள மைக் என்றால் அதைப் போட்டுவிடலாம். ஏடி2020-ல் அது இல்லை, மைக்கின் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பில்தான் போட வேண்டும். பெருக்கும் அளவான கெயினையும் ஒரு படி இறக்கி வைத்தேன். பாப்பால் ப்ரீஆம்ப் தாங்காமல் ஒலி சிதைந்து கிளிப் ஆகிவிட்டால் பிறகு எந்த பிளக்-இன்னும் காப்பாற்றாது.

பாட்டு வந்தது. ஃபில்டர் வைத்த டேக்கில் அளந்து நின்ற குரல், இதில் வரியின் கடைசி இழுப்பைத் தயங்காமல் விட்டது. தாளத்துக்கு அரைக்கால் முன்னால் எடுத்துக் கும்மியைத் தள்ளிக்கொண்டு போகும் அந்த எடுப்பும் இருந்தது. பாப் ஓரிரு இடத்தில் தப்பி வந்தது. அந்த ப-வை மட்டும் வெட்டி எடுத்து, தொடக்கத்தில் 10 மில்லி செகண்ட் ஃபேட்-இன் கொடுத்து, அந்தத் துண்டுக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தேன். முழு டிராக்குக்கும் அப்படிக் குறைத்தால் ஆண் குரலின் அடி போய்விடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாட்டு நல்லா வந்திருக்குதுங்க. ஆனா குரல் நம்ம குரலாட்டமே இல்லீங்களே."

உண்மைதான். மேலேயிருந்து பார்க்கும் மைக்குக்கு நெஞ்சுக்குரல் பொதுவாகக் குறைவாகவே போகும், மூக்குக்குரல் தூக்கலாக வரும். ஓரத்தில் வாங்குவதால் பெரிய டயாஃப்ரம் மைக்கில் மேல்ஸ்தாயியும் மாறும். ஃபில்டர் இருந்திருந்தால் நேருக்கு நேர் வைத்து அந்தக் கனத்தை வாங்கியிருக்கலாம். அதாவது அவர் வேண்டாமென்று கழற்றச் சொன்ன பொருள்தான் அவர் தேடிய குரலைக் கொடுக்கக்கூடியது. அதை முன்னாலேயே அவரிடம் விளக்கியிருக்க வேண்டுமா? பாட வரவில்லை என்று நிற்பவரிடம் ஆக்சிஸ், ப்ராக்ஸிமிட்டி என்று பேசுவது அவரை இன்னும் இறுக்கியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

டைனமிக் மைக்கையே கையில் கொடுத்திருக்கலாமே என்று இந்த வேலை தெரிந்தவர்கள் கேட்பார்கள். கூடப் பாடிய குழுவின் குரல்கள் கண்டென்சரில் பதிவாகியிருந்தன. வாத்தியார் எடுத்துக்கொடுக்க அவர்கள் வாங்கிப் பாடும்போது, ஒரு குரல் மேடையிலும் மற்றவை அறையிலும் நிற்பதுபோல் கேட்கும். அதற்காகத் தவிர்த்தேன். அந்தக் காரணம் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. உண்மையில் கும்மி மைதானத்தில் அப்படித்தானே கேட்கிறது என்று பிறகு தோன்றியது. கண்டென்சரையும் அன்று ஆபத்தில் விட்டேன் என்றே சொல்ல வேண்டும். வெற்றிலை போட்ட வாயிலிருந்து தெறிப்பது டயாஃப்ரம் இருக்கும் கேப்சூலில் படிந்தால் சரசரவென்று சத்தம் வரத் தொடங்கும். வலையைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து மாட்டிக்கொள்ளலாம், கேப்சூலை அப்படிச் செய்ய முடியாது. மைக்கைத் தூக்கி வைத்ததால் அது தப்பியது.

இதைவிட என்னைக் குடைவது வேறு. நன்றாக வந்த டேக் இரண்டாவதாகப் பாடியது. தொண்டை திறந்த பிறகு யார்தான் நன்றாகப் பாடமாட்டார்கள்? கேட்டதைச் செய்து கொடுத்த நிம்மதியிலும் பாடியிருக்கலாம். வலையைக் கழற்றியதால் வந்தது என்று நான் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் அவர் வார்த்தை மட்டும்தான். வரிசையை மாற்றி, ஃபில்டர் இல்லாமல் முதலிலும் வைத்து அடுத்தும் எடுத்துப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். இப்போது மேடைப் பாடகர்கள் வந்தால் அப்படித்தான் எடுக்கிறேன். சிலருக்கு ஒன்று, சிலருக்கு மற்றொன்று என்று வருகிறதே தவிர ஒரு வழிக்கு வருவதில்லை.

அவர் கிளம்பும்போது கேட்டார்: "அந்தக் குரலையும் இந்தப் பாட்டையும் ஒண்ணாச் சேத்துப்போட முடியாதுங்களா தம்பி?" இரண்டு டேக்கையும் வரி வரியாக வெட்டி ஒட்டிப் பார்த்தேன். வரி மாறும் இடத்தில் ஆள் ஓர் அடி முன்னால் வந்து பின்னால் போவது பச்சையாகத் தெரிந்தது. 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிச் சமன்செய்யப் பார்த்தாலும் ஒட்டவில்லை. தூரத்தால் வரும் கனம் ஒவ்வொரு சாய்வுக்கும் மாறிக்கொண்டே இருப்பதால் ஓர் அளவை வைத்து அதைப் பிடிக்க முடியாது. கழற்றிவிட்டு எடுத்த டேக்கையே முழுதாக வைத்து, அடிக்குரலை 2 டெசிபல் தூக்கிக் கொடுத்தேன். நோம்பிக்கு அதுதான் ஓடியது.