மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்ஸாம்

போன வாரம் ஒரு ராத்திரி, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் நானும் என் மகளும் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பு, முழுக்களின் கூட்டல். நோட்டில் அவள் எழுதியிருந்தது இது: (−5) + (−3) = 8. எப்படி எட்டு வந்தது என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல், "மைனஸும் மைனஸும் பிளஸ்மா, டியூஷன்ல சொன்னாங்க" என்கிறாள்.

சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, பெருக்கலுக்குச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாக்கியம் விளம்பரப் பாட்டு மாதிரி மண்டையில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் எங்கே இரண்டு மைனஸ் கண்ணில் பட்டாலும் பிள்ளைகள் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெருக்கல் பாடம் வரும்வரை அதைப் பிள்ளைகள் காதில் போடவே கூடாது என்பது என் கட்சி.

அடுத்த கணக்கு (−7) + 4. விடை −11 என்று இருந்தது. ஏழும் நாலும் பதினொன்று, முன்னால் மைனஸ் நிற்கிறது, அதனால் −11. நான் நோட்டை மூடிவிட்டுக் கேட்டேன்: அண்ணாச்சி கடையில் நமக்கு ஏழு ரூபாய் பாக்கி, உன் கையில் நாலு ரூபாய்தான் இருக்கிறது, கொடுத்துட்டு வந்தா என்ன ஆகும்? "இன்னும் மூணு ரூபாய் பாக்கி, இதுகூடவா தெரியாது?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதே கணக்குதான்டி இது என்றதும் முழித்தாள்.

கடையில் தெரிகிற கணக்கு தாளில் ஏன் தெரியவில்லை? எனக்குத் தோன்றுவது, அந்தச் சின்னக் கோடு இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு இடத்தில் 'எடுத்துவிடு' என்கிறது, இன்னொரு இடத்தில் 'இந்த எண் பூச்சியத்துக்கு அந்தப் பக்கம்' என்கிறது. இதே கோட்டை அஞ்சு வருஷமாகக் கழித்தல் குறியாக மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, + (−3) என்று இரண்டு குறியை ஒட்டிவைத்துக் காட்டினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? புத்தகத்தில் மிகை எண், குறை எண் என்று அழகாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் மைனஸ்தான் வருகிறது, எனக்கும்தான். இலங்கைப் பாடநூல்களில் 'திசைகொண்ட எண்கள்' என்பார்கள். எண்கோட்டில் நிற்க வைக்க அது இன்னும் பொருத்தமான பெயர்.

எண்கோட்டையும் முயன்று பார்த்தோம். −7 இல் விரலை வைத்து, நாலு தாண்டி வலப்பக்கம் போகச் சொன்னேன். அவள் −7 ஐயே 'ஒண்ணு' என்று எண்ணத் தொடங்கி −4 இல் போய் நின்றாள். புள்ளிகளை எண்ணக்கூடாது, தாவலை எண்ணணும் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தாயம் ஆடுவதற்காக வைத்திருந்த புளியங்கொட்டை டப்பா ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியது, மறுபக்கம் கருப்பு. டப்பாவில் இருந்தது ஆறுதான், மீதியை வாசல்படியில் தேய்த்துத் தேய்த்து விரல் எரிந்தது. வெள்ளை என்றால் ஒரு ரூபாய் கையில், கருப்பு என்றால் ஒரு ரூபாய் கடன். ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் ஜோடி சேர்ந்தால் ஒன்றுமில்லை, ஓரமாகத் தள்ளிவிட வேண்டியதுதான். (−7) + 4 க்கு ஏழு கருப்பு, நாலு வெள்ளை வைத்தாள், நாலு ஜோடியைத் தள்ளினாள், மூன்று கருப்பு மிச்சம். (−5) + (−3) க்கு அஞ்சு கருப்பு வைத்து இன்னும் மூன்று கருப்பைச் சேர்த்தவள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாமே கருப்பா இருக்கே, எப்படி பிளஸ் வரும்?" என்று என்னைக் கேட்கிறாள்!

நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கி.பி. 628 இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதே விதிகளை எழுதிவைத்திருக்கிறார், அவரிடம் மிகை எண்ணுக்குப் பெயர் தனம், குறை எண்ணுக்கு ருணம், அதாவது சொத்தும் கடனும். இரண்டு கடன் சேர்ந்தால் கடன், சொத்தும் கடனும் சேர்ந்தால் வித்தியாசம், சமமாக இருந்தால் பூச்சியம். அவருக்கு முன்பே சீனர்கள் குச்சிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள், சிவப்புக் குச்சி மிகைக்கு, கருப்பு குறைக்கு. இன்று நட்டத்தைச் சிவப்பில் எழுதிப் பழகிய நமக்கு அது தலைகீழாகத் தெரியும்.

பத்துக் கணக்கு முடிவதற்குள் (−48) + 31 வந்தது. அவ்வளவு கொட்டைக்கு எங்கே போவது? டப்பாவை ஒரு தடவை பார்த்தாள், பிறகு கையால் தொடாமலே, "நாப்பத்தெட்டு கருப்புல முப்பத்தொண்ணு ஜோடி போயிடும், பதினேழு கருப்பு" என்று சொல்லி −17 என்று எழுதினாள். 'இரண்டையும் கழித்து, பெரிய எண்ணின் குறியைப் போடு' என்று புத்தகம் சொல்வது இதைத்தான், ஆனால் அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கழித்தல். 2 − (−3). தட்டில் இரண்டு வெள்ளை. மூன்று கருப்பை எடுக்க வேண்டும், தட்டில் கருப்பே இல்லை. "இல்லாததை எப்படிம்மா எடுக்கிறது?" நானே ஒரு நிமிஷம் தடுமாறினேன். அப்புறம், ஜோடி என்றால் பூச்சியம்தானே, எத்தனை ஜோடி கொட்டினாலும் தட்டின் மதிப்பு மாறாது என்று உறைத்தது. மூன்று ஜோடியைக் கொட்டினேன். அவள் மூன்று கருப்பையும் பொறுக்கி எடுத்தாள், அஞ்சு வெள்ளை மிஞ்சியது.

"கடனைத் தள்ளுபடி பண்ணா காசு வந்த மாதிரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப டியூஷன்ல சொன்னது இதுக்கா?"