பணிப்பாளர் விற்கிறார், நாங்கள் பார்த்திருக்கிறோம்

கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் மறுபடியும் அறிவித்தல்: நாங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பனியின் பணிப்பாளர் ஒருவர் பங்கு விற்றிருக்கிறார். ஆண்டறிக்கையில் ‘ஒளிமயமான எதிர்காலம்’ என்று எழுதிய அதே மனிதர். அப்படியானால் ஏன் ஐயா விற்கிறீர்கள்? எண்ணிக்கையும் விலையும் போட்டிருக்கிறார்கள். காரணம் மட்டும் இல்லை.

“அண்ணை, யாரோ வாங்கிச் சேர்க்கிறார்கள், பொறுங்கள்” என்கிறார் வெள்ளவத்தைத் தரகர். (அவருக்கென்ன, விற்றாலும் வாங்கினாலும் தரகுப் பணம்.) கம்பனிகள் கைமாறுவது பற்றிய 1995ஆம் ஆண்டின் கையேற்றல் விதிகளின்படி ஒருவர் கையில் 30 சதவீதப் பங்கு சேர்ந்தால், மிகுதிப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வந்தாக வேண்டும். அதை நம்பித்தான் விற்காமல் இருக்கிறேன். ஆனால் பங்குகளில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்திடம். அவர்கள் இணங்காமல் கம்பனி கைமாறாது.

பணிப்பாளர் ஏன் விற்றார் என்று வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன், சிற்றுண்டி வருவதற்கு முன்பே.