கேட்ட விதம்

பாட்டியுடன் சிகிச்சைக்கு வந்த அந்தப் பள்ளிப் பெண்ணிடம், மருத்துவரான நான், "இரவில் வலிக்கிறதா?" என்று கேட்கவில்லை, "இரவில் வலித்து விழித்துக்கொள்கிறாய், அல்லவா?" என்றுதான் கேட்டேன். பேசியது ஆங்கிலத்தில் என்றாலும், இரண்டு கேள்விகளுக்கும் உள்ள தூரம் எனக்குத் தமிழில்தான் உறைக்கிறது. அவள் தன் பாட்டியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், "ஆமாம்" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு வாரங்களுக்குப் பந்து எறியக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்போது ஜூன் நடுப்பகுதி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பேஸ்பால் போலப் பெண்கள் ஆடும் பள்ளி சாஃப்ட்பால் கோடையில்தான் நடக்கும்; ஜூலையில் ஃபோர்ட் டாட்ஜில் மாநிலப் போட்டி. ஆறு வாரம் என்றால் அந்த ஆண்டே இல்லை என்று பொருள். பெண்கள் விளையாட்டுக்கு வழிவிட்ட 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முந்தைய கோடையில் அதே ஊரில் பந்து எறிந்தவர் அந்தப் பாட்டி. அவர் மகள் பந்தைப் பிடிப்பவராக ஆடினார். பேத்தி மீண்டும் பிட்சர், பந்து எறிபவள். மாலையில் மாட்டுக்கொட்டகை வேலை முடிந்ததும், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் பாட்டி கையுறையுடன் உட்கார்ந்துகொள்ள, 43 அடி தள்ளி நின்று பேத்தி எறிவாளாம். நாள்தோறும் நூறு பந்துகள். இதைச் சொல்லும்போது பாட்டி தன் மோதிர விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார். அதன் நுனிமூட்டு பக்கவாட்டில் வளைந்தே நின்றுவிட்டிருந்தது. "இவள் பன்னிரண்டு வயதில் எறிந்த பந்து" என்றார். அப்படியொரு பெருமையை நான் நகைக்கடையில்கூடப் பார்த்ததில்லை.

என் தரப்பு நியாயம் சிறியதல்ல. கையைக் கீழிருந்து சுழற்றி எறிவது உடலுக்கு இயல்பானது, அதனால் கெடுதி இல்லை என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். பேஸ்பால் ஆடும் பையன்களுக்குப் பந்துக் கணக்கு வரம்பு உண்டு, இந்தப் பெண்களுக்கு இல்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களையும் ஒருத்தியே எறிந்து முடிப்பதும் உண்டு. முன்கையின் உட்புற எலும்பில் மயிரிழை முறிவு ஏற்படுவது இந்தப் பிட்சர்களிடம் அறியப்பட்ட ஒன்று. தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அவளுடைய எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கட்டைவிரலால் எலும்பின் நடுவில் அழுத்தியபோது லேசாகக் கையை இழுத்தாள். வலித்தும் இழுத்திருக்கலாம், கூசியும் இழுத்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகியிருக்கும். காப்பீடு தொடங்குவதற்கு முன் கைக்காசாகக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டதும் பாட்டி வாயை மூடிக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது எலும்பைப் பற்றியல்ல. இந்த வயதுப் பிள்ளைகளைச் சிறிது நேரமாவது தனியாக வைத்துப் பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். அன்று பாட்டியை வெளியே உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிராமப் பணி நிபந்தனையில் மூன்று ஆண்டுகளுக்கு அங்கே வந்திருந்த எனக்கு, பேத்தியின் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மட்டுமே அந்த ஊரில் எங்கள் வீட்டு மனிதராகத் தெரிந்தார். பெரியவர்களை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் பேசுகிற வழக்கத்தில் நான் வளரவில்லை. அனுப்பியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? "வலியே இல்லை, என்னை ஆட விடுங்கள்" என்றா? அல்லது "வலியே இல்லை, ஆனாலும் ஆட முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்றா? இரண்டாவதையே என் மனம் அதிகம் கேட்கிறது. தாளை வாங்கியபோது அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அது ஏமாற்றத்திலும் நேரும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆகஸ்டில் மாவட்டச் சந்தையில், வலது கையில் கயிற்றைப் பிடித்து ஒரு கன்றை நடத்திக்கொண்டு போனாள். கன்று முரண்டு பிடித்து இழுத்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஆறு வாரங்கள் கடந்திருந்தன, எலும்பு ஆறியிருக்கும். ஆறுவதற்கு ஏதாவது இருந்ததா என்பதை அந்தக் கன்றை வைத்து முடிவு செய்ய முடியாது. என் குறிப்பேட்டில் "இரவு வலி இருப்பதாக நோயாளி தெரிவித்தார்" என்று இருக்கிறது. அவள் பதில் பதிவாகியிருக்கிறது. நான் கேட்ட விதம் எங்கும் பதிவாகவில்லை. யாராவது எடுத்துப் பார்த்தால் என் முடிவில் பிழை காண மாட்டார்கள்.

அக்டோபரில் பாட்டி இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பட்டையைக் கையில் சுற்றும் வரை பேசவில்லை. பிறகு, வருகிற மே மாதத்தில் அவள் எறியலாமா என்று கேட்டார். தடை ஒன்றும் இல்லை, தாராளமாக எறியலாம் என்றேன்.

"சரி டாக்டர்," என்றார். "நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை."